லட்டுவின் கோப்பில் ஒரு திருத்தம்

நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பாலிசியை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்காதீர்கள் என்பதுதான். எட்டாம் பக்கத்திலேயே கண் சொருகிவிடும். விஷயமெல்லாம் ஒன்பதாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. நான் காலையில் படித்தேன். குளித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இருபத்து மூன்று பக்கத்தையும் படித்தேன்.

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களே, உங்களுக்கு வரும் கடிதங்கள் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. அழுகை இருக்கும், சாபம் இருக்கும், கோர்ட்டுக்குப் போவேன் என்ற மிரட்டல் இருக்கும். இதில் அதெல்லாம் கிடையாது. எனக்குப் பணமும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு காரணம் தப்பாக விழுந்திருக்கிறது. அதை மட்டும் திருத்திக் கொடுத்தால் போதும். அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்தாறு வருடம் செலக்டராக இருந்தேன். பதனிட்டு வந்த தோலை மேசைமேல் விரித்து, வடக்குப் பக்க வெளிச்சத்தில் பார்த்து, இது ஒன்றாம் தரம், இது இரண்டாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. உண்ணி கடித்த புள்ளி, வேலி முள் கீறிய கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தோலைத் தள்ளினால் சும்மா தள்ளக்கூடாது. குறை எந்த இடத்திலோ அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். தோல் கொண்டுவந்தவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி விரிக்கச் சொல்லலாம். விரித்துப் பார்த்து வட்டம் தப்பான இடத்தில் விழுந்திருந்தால், தோல் ரிஜெக்ட்டாகவே இருந்தாலும், அதை அழித்துச் சரியான இடத்தில் போட்டுத் தர வேண்டும். அதனால் யாருக்கும் ஒரு பைசா கூடுவதில்லை. ஆனாலும் நின்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஏன் என்று வெளியாட்களுக்குப் புரியாது. உங்களுக்குப் புரிந்துவிட்டால் இந்தக் கடிதத்தின் பாதி வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது டைகர். பெயர்தான் டைகர், வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில்தான் குடித்தனம். என் மனைவி சௌந்தரம் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தது. அவள் போன பிறகு அது என்னையும் என் மகள் மெர்சியையும் எப்படியோ பொறுத்துக்கொண்டு இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஜீவா என்ற ஏஜெண்ட் வந்தார். எனக்கு ஆயுள் காப்பீடு போட வந்தவர், வாசலில் டைகரைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

"சார், உங்களுக்கு எப்ப வேணா போட்டுக்கலாம். மொதல்ல இதுக்குப் போடுங்க. ஜுரம், வாந்தி, ஆபரேஷன், எல்லாம் கம்பெனி பாத்துக்கும். ஒரு பேஜாரும் இல்ல சார், நீங்க பாட்டுக்கு இருக்கலாம்."

நான் நம்பினேன். அடுத்த வருடமே டைகருக்குச் சிறுநீரகம் கெட்டது. வேலூருக்குப் பதினோரு நாள் ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் மாறி மாறிக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினோம். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரிடம் மெர்சி சண்டை போட்டாள். பன்னிரண்டாம் நாள் அது அவள் மடியிலேயே போய்விட்டது. க்ளெய்ம் போட்டேன். ஒரு மாதம் கழித்து உங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. பாலிசி விதிமுறைகளின்படி தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை, வருந்துகிறோம் என்று.

எந்த விதிமுறை என்று அதில் இல்லை. போன் போட்டேன். முதலில் வீணை இசை, பிறகு புல்லாங்குழல், அதற்கும் பிறகு ஒரு பெண். "சார், சிஸ்டத்துல அப்பிடித்தான் காட்டுது சார்" என்றாள். சிஸ்டத்திடம் கேட்டுச் சொல்லும்மா என்றேன். மறுபடி வீணை. மூன்றாவது முறை எழுதியபோது, முன்பே இருந்த நோய் என்று பதில் வந்தது. முன்பு எதுவும் இல்லை என்று நாய் டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு கோப்பிலேயே இருந்தது. யாரும் அதை விரித்துப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் லட்சக்கணக்கான தோலைத் தள்ளியிருக்கிறேன், ஒன்றைக்கூட வட்டம் போடாமல் தள்ளியதில்லை. என்னை அப்படித் தள்ளிவிட்டீர்கள். அது என்னை மிகவும் புண்படுத்தியது. டைகர் செத்ததைவிட என்றுகூடச் சொல்லலாம், ஆனால் மெர்சிக்கு முன்னால் சொல்லமாட்டேன்.

அதே வருடம் எனக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் கம்பெனியில் மேசையை விட்டு எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். லாரிக்கு கேட் பாஸ் எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை. மரியாதையான வேலைதான், நாற்காலியில் குஷன்கூட உண்டு. எதையும் நல்லது கெட்டது என்று சொல்ல வேண்டியதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மெர்சி நர்சிங் படிக்கிறாள். இன்னொரு நாய் வேண்டும் என்று ஆறு மாதம் கேட்டாள். சரி என்றேன், ஆனால் முதலில் பாலிசியை நான் பார்த்து முடிக்க வேண்டும் என்றேன். ஜீவாவை வரவழைத்து மூன்று கம்பெனிப் பாலிசியையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். நேரம் இருந்தால் நீங்களும் படித்துப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. ஒன்றில் கலப்பினத்துக்கு இடமில்லை. ஒன்றில் நாய் திருடு போனால் பணம் உண்டு, ஆனால் திருடியவன் நமக்குத் தெரிந்தவனாக இருக்கக்கூடாது. இன்னொன்றில் நாய் தொலைந்தால் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருக்க வேண்டும். நாய் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. எல்லாவற்றிலும் உங்களுடையதுதான் சுத்தமாக இருந்தது. முகஸ்துதி என்று நினைக்காதீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

எல்லோரும் நாய்க்குப் பாலிசி எடுப்பார்கள். நான் பாலிசிக்கு நாய் எடுத்தேன். ராணிப்பேட்டையில் சான்றிதழோடு லேப்ரடார் விற்கிற ஒருவரிடம் ஆறு குட்டி இருந்தது. ஓடிவந்து காலை நக்கிய குட்டியைத்தான் மெர்சி கேட்டாள். நான் ஆறையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, முடிக்கு எதிராக உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தில் ஏதோ ஒரு குறை இருந்தது. ஆறாவதில் ஒரு புள்ளிகூட இல்லை. அதைத்தான் எடுத்தோம். மெர்சிக்குக் கொஞ்சம் ஏமாற்றம், ஆனால் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் அதற்கு லட்டு என்று பெயர் வைத்துவிட்டாள். தடுப்பூசி அட்டை, கழுத்துத் தோலுக்குள் சிப், மூக்கு ரேகைப் புகைப்படம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. மூக்கைப் படம் எடுக்கத்தான் திரும்பத் திரும்ப முயல வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் லட்டு போனை நக்கிவிட்டது.

மெர்சி அதை நன்றாகப் பழக்கினாள். எங்கள் வீடு பைபாஸுக்குப் பக்கத்தில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. காலையில் ஷூ கம்பெனி பஸ்களும் தோல் லாரிகளும் பறக்கும். அதனால் ரோட்டு ஓரம் வந்தால் உட்கார வேண்டும், கூப்பிட்டால் மட்டுமே தாண்ட வேண்டும் என்று ஒரு பாக்கெட் மேரி பிஸ்கட்டையும் மூன்று மாதத்தையும் செலவழித்துக் கற்றுக்கொடுத்தாள். எதிர்ச்சாரியில் மக்பூல் அகமதுவின் டீக்கடை. அங்கே நின்று அவள் "லட்டுக்குட்டி" என்று கூப்பிட்டால்தான் அது எழுந்திருக்கும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அவள் கூப்பிடுவாள்.

இரண்டு வருடம் ஓடியது. லட்டுவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. மெர்சி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள், அது வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் உங்களிடமிருந்து எனக்கு வாழ்த்துச் செய்தி வரும். கடந்த ஆண்டில் நீங்கள் க்ளெய்ம் எதுவும் செய்யவில்லை, வாழ்த்துகள் என்று, பக்கத்தில் சிரிக்கிற நாய் ஒன்றின் படம். கோப்பு அலமாரியில் சும்மா கிடந்தது. அவ்வப்போது எடுத்து, தூசி தட்டி, படித்துவிட்டு வைப்பேன். நோய் என்றால் டாக்டர் ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள். திருட்டு என்றால் போலீஸ், பேப்பர். சாலை விபத்து மட்டும் மூன்றே வரி. காத்திருப்புக் காலம் இல்லை, பழைய வியாதி என்று இழுக்க வழியில்லை. அந்த மூன்று வரியில் ஒரு கீறல் இல்லை.

விபத்து நடந்தது ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. உங்கள் கோப்பில் உள்ளபடி சொல்கிறேன். காலை ஆறே முக்காலுக்கு மெர்சி காட்பாடி ரயிலைப் பிடிக்கக் கிளம்பினாள். அவசரத்தில் கேட்டைச் சரியாகத் தாழ் போடவில்லை. ஏழு மணிக்கு மேல் நான் வழக்கம்போல எதிரே டீ குடிக்கப் போனேன். ஏழு பத்துக்கு லட்டு கேட் இடுக்கு வழியாக வெளியே வந்தது. எதிர்ப்பக்கம் நின்ற என்னைப் பார்த்து ரோட்டைத் தாண்டியது. ராணிப்பேட்டைக்கு உப்புத் தோல், அதாவது உப்புப் போட்ட பச்சைத் தோல், ஏற்றிப்போன மினி லாரி மோதியது. லாரி எங்கள் கம்பெனி லாரிதான், டிரைவர் ரஃபி அகமது. லட்டு அங்கேயே இறந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஒரு காகிதத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் உங்கள் கட்டணமில்லா எண்ணுக்குத் தகவல் சொன்னேன். நாய் டாக்டரை வரவழைத்து சிப் எண்ணைச் சரிபார்த்துச் சான்றிதழ் வாங்கினேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போனபோது அங்கிருந்த ஏட்டய்யா சலித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது, மனுசன் அடிபட்டு வந்தாலே இங்க எழுத ஆள் இல்ல. சரி, பேரு லட்டுன்னு போட்டா சிரிப்பாங்க. வளர்ப்புப் பிராணின்னு போட்டுட்றேன்."

பாலிசியில் லட்டு என்று இருக்கிறது, அதனால் லட்டு என்றுதான் போட வேண்டும் என்று அரைமணி நேரம் நின்று வாங்கினேன். உங்களிடம் வந்த கோப்பில் எல்லா இடத்திலும் பெயர் ஒன்றாகவே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்பெனி சார்பில் விசாரிக்க மஹபூப் பாஷா வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, லட்டுவின் தட்டு இன்னும் மூலையில் இருப்பதைப் பார்த்து அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். கேட்டின் தாழைத் தானே தூக்கிப் போட்டுப் பார்த்தார். எதிரே போய் மக்பூலிடம் விசாரித்தார். மக்பூல் சொன்னது கோப்பில் அப்படியே இருக்கிறது.

"பாவம் சார் அவரு. ரெண்டு வாட்டி பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. ரெண்டாவது வாட்டி கொரலே ஒடஞ்சி போச்சு. அப்பிடி ஒரு பாசம் சார்."

உரிமையாளர் இரண்டு முறை குரல் கொடுத்துத் தடுக்க முயன்றார் என்று பாஷா எழுதிக்கொண்டார். பிறகு மெர்சியைக் கூப்பிட்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டு போட்டியாம்மா அன்னிக்கி?"

"போட்டேன் அங்கிள். தூக்கித்தான் போட்டேன். போட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஒன்னும் அவசரம் இல்ல."

"ட்ரெயினுக்கு லேட்டாய்டுச்சு அங்கிள். தெரியல. நான்தான் சரியா போடல போல." அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் அழுகை.

பாஷா போன பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "வுடும்மா, யாருக்குத்தான் மறதி இல்ல. நான் ஒன்னும் நெனைக்கல" என்று சொன்னேன். என் மேல் சாய்ந்துகொண்டு, "உன்ன மாதிரி அப்பா யாருக்கும் கெடைக்கமாட்டாங்கப்பா" என்றாள். ஒரு தகப்பன் இதற்கு மேல் எவ்வளவு பெருந்தன்மையாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் உங்கள் கடிதம் வந்தது. இந்த முறை காரணம் எழுதியிருந்தீர்கள், அதற்கு நன்றி. வளர்ப்புப் பிராணியைப் பாதுகாப்பதில் உரிமையாளர் குடும்பத்தின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம், ஆகவே ஏழாம் பிரிவின்படி நிராகரிக்கப்படுகிறது.

கவனக்குறைவு. அந்தச் சொல்லை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இருபத்தாறு வருடத்தில் எந்த முதலாளியும், எந்த வெளிநாட்டுப் பார்ட்டியும் என் வேலையைப் பற்றிச் சொல்லாத சொல். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாய் போன துக்கம் இப்போதுதான் தெரிகிறது போல என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

வட்டம் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. தயவுசெய்து கோப்பை மறுபடி விரித்துப் பாருங்கள். நானே இடத்தைக் காட்டுகிறேன்.

முதலில் கேட். மெர்சி கேட்டைத் தாழ் போட்டுவிட்டுத்தான் போனாள். எங்கள் கேட் பழைய இரும்பு கேட். தூக்கிப் போட்டால் இரண்டு சத்தம் வரும், சும்மா தள்ளினால் ஒன்றுதான் வரும். ஜன்னல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், இரண்டு சத்தமும் வந்தது. அதோடு விட்டாளா என்றால் இல்லை, நாலு அடி போனவள் திரும்பி வந்து, ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள். கம்பி வழியாக விரலை விட்டு லட்டுவின் மூக்கைத் தொட்டுவிட்டு ஓடினாள். ஏழு மணிக்கு மேல் அந்தத் தாழை எடுத்தவன் நான். நாலு விரற்கடை திறந்து வைத்தேன். அகலமாகத் திறந்து வைத்தால் யாரோ வேண்டுமென்றே திறந்த மாதிரி இருக்கும்.

பழியை மெர்சி மேல் போட்டதற்கும் கணக்கு உண்டு, கோபம் எதுவும் இல்லை. உங்கள் மூன்றாம் பக்கத்தில், உரிமையாளர் என்றால் அட்டவணையில் பெயர் உள்ளவர் என்று இருக்கிறது. அட்டவணையில் என் பெயர் மட்டும்தான். ஆகவே தப்பு அவளுடையது என்றால் ஏழாம் பிரிவு என்னைத் தொடாது. என் வாசிப்பு சரியானது. குடும்பம் என்ற பேச்சு உங்கள் ஏழாம் பிரிவில் எங்கேயும் கிடையாது, மறுபடி பாருங்கள்.

அடுத்தது லாரி. அன்று காலை அந்த லாரி வரும் என்பது தற்செயல் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் கேட் பாஸ் எழுதியது நான்தான். ஏழு மணிக்கு வெளியே போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் ஆறு நாள் டீக்கடையில் நின்று பார்த்தேன், ஏழு எட்டுக்கும் ஏழு பன்னிரண்டுக்கும் நடுவில் எங்கள் வீட்டைத் தாண்டும். நாலு டிரைவர்களில் ரஃபியைத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துத்தான். உப்புத் தோல் ஈரமாக, கனமாக இருக்கும். சட்டென்று பிரேக் அடித்தால் லோடு முன்னால் சரிந்து கேபினில் இடிக்கும். மற்றவர்கள் பதறிப்போய்ப் பிரேக்கை அடித்துவிடுவார்கள். ரஃபி அனுபவசாலி, அடிக்கமாட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்து, "புள்ள மாதிரி வளத்தீங்களே சார், என் கண்ணுல படலையே சார்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். டீ போட்டுக் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது லோடு ஏற்றுகிற இடத்தில் நிற்கிறான்.

கடைசியாக, மக்பூல் சொன்னது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, இரண்டு முறை கூப்பிட்டேன். ஆனால் உங்கள் பாஷா எழுதிக்கொண்ட மாதிரி தடுக்க இல்லை.

லட்டு கேட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து, ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்தது. மெர்சி சொல்லிக்கொடுத்த இடத்தில், சொல்லிக்கொடுத்த மாதிரி. வளைவில் லாரி தெரிந்தது. "லட்டு" என்று கூப்பிட்டேன். அது வரவில்லை. லாரி வரும் பக்கம் ஒரு தடவை பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு மறுபடி அந்தப் பக்கம் பார்த்தது. வேண்டாம் என்று எனக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை மெர்சி கூப்பிடுகிற மாதிரி, "லட்டுக்குட்டி" என்று கூப்பிட்டேன். அவள் அப்படிக் கூப்பிட்டால் ரோடு காலியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எழுந்து வந்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தது. உங்கள் படிவத்தில் இதைக் கேட்கவில்லை என்பதால் அப்போது நான் எழுதவில்லை. குரல் உடைந்தது என்று மக்பூல் சொன்னதும் உண்மைதான். எனக்கு மனசு இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

லட்டுவைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. குறையே இல்லாத ஒரு க்ளெய்ம் போட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஏற்கப்பட்டது என்ற ஒரு சொல்லை உங்கள் லெட்டர்பேடில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வேறு என்ன, ஒரு மனிதன் ஆசைப்படக்கூடாதா.

வேண்டுமென்றே செய்த செயலுக்கும் பணம் கிடையாது என்பது பத்தாம் பிரிவு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது நியாயமான பிரிவு, அதன்படியே நிராகரியுங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஏழு என்பதை அடித்துவிட்டுப் பத்து என்று போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்துப் புதிய கடிதம் கொடுங்கள். இந்தக் கடிதத்தைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்று உங்கள் விதியில் இருந்தால் அனுப்பலாம். அங்கேயும் லட்டு என்றே எழுதியிருக்கிறது, பெயர்க் குழப்பம் வராது. இந்த வேலையில் கவனக்குறைவு என்று ஓர் இடத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம், உங்களால் முடியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பாதீர்கள், கம்பெனி ஸ்டோர் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் தபாலை இப்போதெல்லாம் மெர்சிதான் பிரிக்கிறாள், ஏனென்றால் அவள்தான் வீட்டில் இருக்கிறாள். இரண்டு மாதமாகக் காலேஜுக்குப் போகவில்லை. கிளம்புவாள், ஸ்டேஷன் வரை போவாள், கேட்டைப் போட்டோமா என்று திரும்பி வந்துவிடுவாள். வந்து தூக்கிப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி தூக்கிப் போடுவாள். ஒருநாள் ஜன்னலிலிருந்து எண்ணினேன், பத்தொன்பது தடவை. ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை லட்டுவின் தட்டில் வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வேலூரில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மனசில் இருக்கும் குற்ற உணர்ச்சி போனால் சரியாகிவிடும், நீங்கள்தான் சார் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று.

இந்தக் கடிதம் அவள் கண்ணில் படக்கூடாது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதிலும் கவனம் போதாது என்று சௌந்தரம் சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போதுதான் பிள்ளை கேட்டைச் சரியாகத் தாழ் போடப் பழகியிருக்கிறாள், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.